நாற்பத்திரண்டும் சரியாக இருந்தது

ஆஸ்பத்திரியின் தரைக்குக் கீழே, சலவைக்கூடத்துக்கும் பிணவறைக்கும் நடுவில் ஒரு நீள அறை உண்டு. அதற்கு இரண்டு வாசல். ஒன்றில், ஆபரேஷன் முடிந்த சாமான்கள் ரத்தமும் சதையுமாக உள்ளே வரும். மற்றதில் அதே சாமான்கள் குளித்து, பச்சைச் சீலை சுற்றி, வெந்து, ஆறி, ஒன்றுமே நடக்காத மாதிரி வெளியே போகும். இந்த இரண்டு வாசலுக்கும் நடுவில் பதினெட்டு வருஷமாக நிற்கிறவளுக்கு வீட்டில் ஒரு பெயர், சம்பளச் சீட்டில் ஒரு பெயர். ஆனால் லிஃப்ட்காரர் முதல் பெரிய சர்ஜன் வரைக்கும் அவள் கெடுபிடி. வயதில் சின்னவர்கள் மரியாதைக்கு ஓர் அக்காவைச் சேர்த்துக்கொள்வார்கள்.

பெயர் சும்மா வரவில்லை. கையெழுத்து இல்லாமல் அவளிடமிருந்து ஓர் ஊசியைக்கூட வாங்க முடியாது. ஒருநாள் சர்ஜனே மூச்சிரைக்க இறங்கி வந்து, "அவசரம்மா, அப்புறம் போட்டுக்கறேன்" என்றார். "அவசரத்துக்குத்தானே சார் பேனாவை இங்கயே கட்டித் தொங்கவிட்டிருக்கேன்" என்று நூலில் ஆடிய பேனாவை அவள் நீட்டினாள். அவர் போட்டார். போடும்போது பல்லைக் கடித்த சத்தம் தனக்கே கேட்டதாக லிஃப்ட்காரர் ஒரு மாதம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

இருபத்தெட்டு வயதில் அவள் அங்கே தரை துடைக்க வந்தாள். புருஷனுக்குக் கப்பலில் சமையல் வேலை, பத்து மாதத்துக்கு ஒருமுறை வருவார், வந்த மூன்றாம் நாளே, "தரை ஏன் ஆடவே மாட்டேங்குது?" என்று சலித்துக்கொள்வார். பிள்ளை இல்லை. தரை துடைத்தவளை இரண்டு வருஷத்தில் சாமான் கழுவுகிற தொட்டிக்கு மாற்றினார்கள். தொட்டியில் ஐந்து வருஷம். கத்தரியென்றால் அதன் மூட்டைத் திறந்து உள்ளே தேய்க்க வேண்டும், குழாயென்றால் அதற்குள் பிரஷ் விட்டு மறுபக்கம் வெள்ளையாக வரும்வரை இழுக்க வேண்டும், எதையும் காய விடக் கூடாது, காய்ந்த ரத்தம் இரும்போடு உறவு கொண்டாட ஆரம்பித்துவிடும் என்பதெல்லாம் அவளுக்கு யாரும் உட்காரவைத்துச் சொன்னதில்லை. கைதான் கற்றுக்கொண்டது. பிறகு பேக்கிங் மேஜை. அந்த அறையில் அதற்கு மேலே ஒரு பதவி இருந்தால் அது சூப்பர்வைசர் நாற்காலிதான். அதில் சூப்பர்வைசர் உட்கார்ந்திருந்தார், அசைவதாக இல்லை.

மேஜைக்கு வந்த முதல் மாதம் ஒரு சம்பவம் நடந்தது. மண்டையைத் திறக்கிற செட் ஒன்றில் ஒரு சாமான் குறைந்தது. நாற்பத்திரண்டு இருக்க வேண்டிய இடத்தில் நாற்பத்தொன்று. அவள் அப்படியே கட்டி, குறைகிறது என்று சீட்டு எழுதி மேலே அனுப்பினாள். அரை மணி நேரத்தில் செட் திரும்பி வந்தது. கூடவே தியேட்டர் சிஸ்டரும் வந்தார்.

"எண்ணத் தெரியாதவங்களை ஏன் மேஜைக்குப் போடறாங்க?" என்று அறை நடுவில் நின்று கேட்டார் சிஸ்டர். "குறையோட அனுப்பறதுக்கு நீ எதுக்கு? லிஃப்டே போதுமே."

மறுநாள் அந்தச் சீட்டை அறிவிப்புப் பலகையில் யாரோ குத்தி வைத்திருந்தார்கள். கெடுபிடி அதைப் பிடுங்கி நான்காகக் கிழித்தாள். அன்றைக்கு ஒரு முடிவு எடுத்தாள்: இனிமேல் என் மேஜையிலிருந்து குறையாக ஒரு செட் போகாது. பதினோரு வருஷம், போகவில்லை.

எப்படிப் போகவில்லை என்பதை யாரும் கேட்டதில்லை. அது பெரிய ரகசியமும் இல்லை. ஒரு செட்டில் ஏதாவது உடைந்தாலோ, முனை மழுங்கினாலோ, உடனே தேவைப்படாத வேறொரு செட்டிலிருந்து அதே மாதிரி ஒன்றை எடுத்து இதில் வைப்பாள். பழுதானது சாணை பிடித்துத் திரும்பி வந்ததும் அதை அந்த இன்னொரு செட்டில் வைத்துவிடுவாள். இரும்புக்கு ஜாதகமா இருக்கிறது? எல்லாம் ஒரே அச்சு. எல்லாம் ஒரே சூட்டில் வேகிறது. நோட்டுப் புத்தகத்தில் மட்டும் இதற்கென்று ஒரு கட்டம் கிடையாது. கட்டம் இல்லாததை எங்கே எழுதுவது?

அந்த நாள் காலை ஒன்பதே முக்காலுக்கு லேப் டாக்டர் இறங்கி வந்தார். திசுக்களைக் கண்ணாடியில் வைத்துப் பார்க்கிற பெண், வயது முப்பதுக்குள். சாதாரணமாக மேலே நாலாவது மாடியை விட்டு அசையாதவர். கையில் எரிக்கிற கழிவைப் போடும் மஞ்சள் பை, முகத்தில் தூக்கம் கெட்ட களைப்பு.

"அக்கா, மண்டை செட் மூணாம் நம்பர் எங்க?"

"அலமாரில. ஏன் டாக்டர்?"

"அதைப் பூட்டி வைக்கணும். இனி யாரும் தொடக் கூடாது."

பன்னிரண்டு நாளைக்கு முன்னால் ஒருவருக்கு மூளையிலிருந்து சின்னத் துண்டு எடுத்துச் சோதித்தார்கள். ஐம்பத்தெட்டு வயது, கைக்கடிகாரம் ரிப்பேர் பார்க்கிறவர். மூன்று மாதத்துக்குள் தன் கடைக்குப் போகும் வழியே அவருக்கு மறந்துவிட்டது. கை தானாகத் துள்ள ஆரம்பித்தது. என்ன நோயென்று பிடிபடவில்லை, குணப்படுத்தக்கூடிய ஏதாவதாக இருந்துவிடாதா என்று திறந்து பார்த்தார்கள். அதற்கு எடுத்தது மூன்றாம் செட். இன்று காலை முடிவு வந்துவிட்டது. குணப்படுத்தக்கூடியது அல்ல.

"அதுக்கு ஏன் செட்டைப் பூட்டணும்? நான் கழுவி, சுட்டு, சூடு சரியா ஏறினா டேப்பில விழற கறுப்புக் கோட்டைப் பார்த்துத்தான் வெச்சேன். எந்தக் கிருமியும் தப்பியிருக்காது."

"கிருமியா இருந்தா தப்பியிருக்காதுக்கா. இது கிருமி இல்ல." லேப் டாக்டர் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். "நம்ம எல்லார் மூளையிலயும் இருக்கிற ஒரு புரதம். உங்களுக்கு இருக்கு, எனக்கு இருக்கு, உங்க சூப்பர்வைசருக்கு இருக்கு."

"அவருக்கு மூளை இருக்குன்னு எதுலயாவது வந்திருக்கா?"

லேப் டாக்டருக்குச் சிரிப்பு வந்து, அடங்கியது. "அது ஒழுங்கா மடிஞ்சிருக்கிற வரைக்கும் தொல்லையில்ல. ஒண்ணு தப்பா மடிஞ்சுடுச்சுன்னா, பக்கத்துல இருக்கிறதையும் தன்னை மாதிரியே மடிய வெச்சிடும். அது அடுத்ததை. அப்படியே சேர்ந்து சேர்ந்து கட்டியா ஒட்டிக்கும். மூளை பஞ்சு மாதிரி ஓட்டை ஓட்டையாயிடும். இதுல சாகறதுக்கு உயிரே கிடையாது. அப்புறம் எப்படிச் சூட்டுல சாகும்? நம்ம மிஷின் சூடு அதுக்குப் பத்தாது. இரும்புல வேற அழுத்தமா ஒட்டிக்கும்."

கெடுபிடி தன் மேஜையைப் பார்த்தாள். பாதி சுற்றிய சீலை ஒன்று அங்கே கிடந்தது. முதல் மூலையைக் கோணலாக மடித்துவிட்டால் மற்ற மூன்றும் அந்தக் கோணலையே பிடித்துக்கொண்டு போகும். எவ்வளவு இழுத்துச் சரிசெய்தாலும் பொட்டலம் நேராகாது, பிரித்துத்தான் ஆக வேண்டும். அவளுக்குப் புரிந்தது. பிரிக்க முடியாத மடிப்பு.

"இப்ப அந்தச் செட்டுல அது இருக்கா?"

"இருக்கலாம். நிச்சயமாச் சொல்ல முடியாது. அபூர்வம்தான். ஆனா ஆபரேஷன் சாமான் வழியா இன்னொருத்தர் மூளைக்குப் போனது உலகத்துல முன்னாடி நடந்திருக்கு. வந்தா வருஷக்கணக்கா ஒண்ணும் தெரியாது. தெரிய ஆரம்பிச்சா மாசக்கணக்குல முடிஞ்சிடும். மருந்து கிடையாது."

கெடுபிடி கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டாள். "எங்கண்ணனுக்குக் கை நடுக்கம், டாக்டர். நாலு வருஷமா. என்கூடத்தான் இருக்கார். அவருக்கும் மூளையில ஏதோ புரதம் கட்டுதுன்னாங்க. அதுவும்…"

"அதுவும் மடிப்புத் தப்பினதுதான். மறதி நோயில பாதி, நடுக்கம், எல்லாத்துலயும் ஏதோ ஒரு புரதம் இப்படிக் கட்டியாகுது. ஆனா இது வேற, அது வேற. கூட இருந்தாலோ, ஒரே டம்ளர்ல குடிச்சாலோ உங்களுக்கு வராது."

"ஒரே டம்ளர்தான் பாக்கி இருக்கு. மத்ததெல்லாம் அவர் போட்டு உடைச்சாச்சு."

அதற்குப் பிறகு இருவரும் மூன்றாம் செட்டைப் பூட்டு அறைக்கு எடுத்துப்போனார்கள். விதிப்படி, பூட்டுமுன் எண்ண வேண்டும். ஒருவர் எண்ண, ஒருவர் பார்க்க. கையுறையை இரண்டாக மாட்டிக்கொண்டு கெடுபிடி சீலையைப் பிரித்தாள். நல்லவேளை, இந்தப் பன்னிரண்டு நாளில் மண்டை ஆபரேஷன் எதுவும் நடக்கவில்லை. சர்ஜன் ஏதோ மாநாட்டுக்குப் போயிருந்தார். தலையில் அடிபட்டு வந்தவர்களை எல்லாம் வேறு ஆஸ்பத்திரிக்குத் திருப்பிவிட்டார்கள். இன்றுதான் திரும்பியிருக்கிறார். மூன்றாம் செட் வெந்தபடியே, பிரிக்காமல், அப்படியே இருந்தது. "நல்ல காலம்க்கா" என்றார் லேப் டாக்டர், மூன்று முறை.

ஒன்று, இரண்டு, மூன்று. கெடுபிடியின் விரல் போய்க்கொண்டே இருந்தது. முப்பத்தேழாவது, மூளையை மூடியிருக்கிற சவ்வைத் தூக்கிப் பிடிக்கிற சின்ன ஃபோர்செப்ஸ், நுனியில் ஒற்றைப் பல் வைத்தது. அதன் நுனி மட்டும் பளபளத்தது. சாணை பிடித்த பளபளப்பு.

விரல் அங்கே நின்றது. நின்றதை லேப் டாக்டர் கவனிக்கவில்லை. விரல் மறுபடி நகர்ந்தது.

"நாற்பத்திரண்டும் சரி" என்றாள் கெடுபிடி. கையெழுத்தும் போட்டாள்.

பூட்டு அறையிலிருந்து பேக்கிங் மேஜை பதினாறு அடி. அந்தப் பதினாறு அடிக்குள் பன்னிரண்டு நாளும் அவளுக்குள் பின்னால் ஓடின. அன்றைக்குக் காலையில் ஒரு பெரிய ஆபரேஷன், முதல் செட். மத்தியானம் கடிகாரக்காரர், மூன்றாம் செட். இரண்டும் தனித்தனியாகக் கழுவி, சாயங்காலம் ஒன்றன்பின் ஒன்றாக மேஜைக்கு வந்தன. முதல் செட்டின் ஃபோர்செப்ஸ் நுனி சேரவில்லை. இரண்டு நுனிக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. முதல் செட்தான் அவசரத்துக்கு வைக்கிற செட். குறையாக வைக்க முடியுமா? மூன்றிலிருந்து எடுத்து ஒன்றில் வைத்தாள். நுனி சேராததைச் சாணைக்கு அனுப்பி வாங்கி, இரண்டு நாள் கழித்து மூன்றை மறுபடி கட்டும்போது இதில் வைத்தாள்.

கடிகாரக்காரரின் மூளையைத் தொட்ட ஃபோர்செப்ஸ் இந்தப் பூட்டுக்குள் இல்லை. அது முதல் செட்டில் இருக்கிறது.

அவள் ஸ்டோர் அறைக்குப் போனாள். அலமாரியில் முதல் செட்டின் இடம் காலி.

சூப்பர்வைசர் நாற்காலியில் தேநீரோடு இருந்தார். "என்ன, பேய் அறைஞ்ச மாதிரி நிக்கறே?"

"முதல் செட் எங்க சார்?"

"மேல குடுத்தாச்சு. பதினொரு மணிக்குப் பெரிய கேஸ். மூணாம் செட்தான் எழுதியிருந்தாங்க, அதைத்தான் நீங்க பூட்டிட்டீங்களே. ரெண்டாம் செட் காலையிலயே ஒரு சின்னக் கேஸுக்குப் போயிடுச்சு. அப்ப ஒண்ணுதானே பாக்கி?"

அவள் சொன்னாள். நின்றபடியே, சுருக்கமாக, எதையும் விடாமல். சூப்பர்வைசர் தேநீரைக் கீழே வைத்தார். எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"புக்குல என்ன இருக்கு?"

"மூணாம் செட், நாற்பத்திரண்டு, சரி."

"கையெழுத்து?"

"என்னுது. டாக்டரம்மாவோடது."

"அப்ப சரி. புக்கு சரியா இருக்கு, எண்ணிக்கை சரியா இருக்கு. இதுல நீ எதுக்குப் புதுசா ஒரு கதையைக் கொண்டுவர்றே? அந்தம்மாவே 'இருக்கலாம்'னுதானே சொல்லுது? லட்சத்துல ஒண்ணு. அதுவும் நீ தேய்ச்சுக் கழுவினது. உன் கழுவலை எனக்குத் தெரியாதா?"

"என் கழுவலுக்கு அது மசியாதாம் சார்."

"இதோ பாரு, நீ வாயைத் தொறந்தா முதல்ல உன் தலை போகும், அடுத்தது என் தலை."

"மூணாவதா ஒரு தலை இருக்கு சார். மேல மொட்டையடிச்சுப் படுக்கவெச்சிருக்காங்க."

 அவள் தியேட்டருக்கு ஃபோன் அடித்தாள். எங்கேஜ்டு. மறுபடி அடித்தாள். சுவர்க் கடிகாரத்தில் பத்து முப்பத்தெட்டு. லிஃப்ட் ஐந்தாவது மாடியில் நின்றது. கதவைப் பிடித்துக்கொண்டு யாரோ யாருக்கோ விடை கொடுத்துக்கொண்டிருந்தார்கள் போல. கெடுபிடி படியில் ஏறினாள். நாற்பத்தாறு வயது முழங்கால் இரண்டாவது மாடியிலேயே பேச ஆரம்பித்தது. அதைப் பேச விட்டுவிட்டு ஏறினாள்.

தியேட்டர் வாசலில், தரையில் ஒரு சிவப்புக் கோடு. வெளிச் செருப்பும் வெளியுடுப்பும் அதைத் தாண்டக் கூடாது. கோட்டுக்கு இந்தப் பக்கம் தள்ளுகட்டிலில் ஒரு பெண் படுத்திருந்தாள். முப்பத்தைந்து இருக்கும். தலை பளிச்சென்று மழித்திருந்தது. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். கண்ணுக்குப் பின்னால் கட்டி. எதிரே வருகிற வண்டி இரண்டிரண்டாகத் தெரிகிறது என்றுதான் ஆஸ்பத்திரிக்கு வந்தாளாம்.

"ஆரம்பிக்கச் சொல்லுங்கக்கா" என்றாள் அந்தப் பெண், இவள் யாரென்று தெரியாமலே. "நேத்திலேருந்து பட்டினி. கட்டியைவிடப் பசிதான் பெருசா இருக்கு."

கெடுபிடி அவளைப் பார்த்தாள். பிறகு கோட்டின் ஓரத்தில் நின்று, உள்ளே கேட்கும்படி கத்தினாள்.

"முதல் செட்டைப் பிரிக்காதீங்க! சிஸ்டர்! பிரிக்காதீங்க!"

தியேட்டர் சிஸ்டர் வெளியே வந்தார். பதினோரு வருஷத்தில் அவருக்குத் தலை நரைத்திருந்தது, நாக்கு நரைக்கவில்லை. "என்ன, கெடுபிடி மாடியேறி வந்திருக்கு? கையெழுத்துப் போட மறந்துட்டேனா?"

"பிரிச்சாச்சா?"

"வெளிச் சீலை பிரிச்சாச்சு. உள் சீலையில கை வெக்கப் போனாங்க, நீ கத்தினே. என்ன விஷயம்?"

கட்டிலில் இருந்தவள் கேட்டுக்கொண்டிருந்தாள். கெடுபிடி சிஸ்டரின் கையைப் பிடித்துச் சுவர்ப் பக்கமாகத் தள்ளிப்போய்ச் சொன்னாள். பதினோரு வருஷத்தில் சிஸ்டரை அவள் தொட்டது அதுதான் முதல் தடவை. சிஸ்டர் முதலில் புரியாமல் பார்த்தார். பிறகு முகக்கவசத்துக்கு மேலே இருந்த அந்தக் கண்கள் மாறின. உடனே உள்ளே போய், சர்ஜனைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

"இது எவ்வளவு நிச்சயம்?" என்றார் சர்ஜன்.

"மூணாம் செட்ல இருக்கிற ஃபோர்செப்ஸ் நுனியில சாணை பிடிச்ச அடையாளம் இருக்கு சார். கடிகாரக்காரருக்கு ஆபரேஷன் ஆன அன்னிக்கு அது முதல் செட்ல இருந்தது, அன்னிக்குக் காலையில நீங்களே அதைப் பிடிச்சிருப்பீங்க. மாத்தி வெச்சது நான். வேற யாருக்கும் தெரியாது. அதனால வேற யாரையும் கேட்டுப் பிரயோஜனமில்ல."

"ஏன் மாத்தினே?"

"குறையா அனுப்பக் கூடாதுன்னு."

சர்ஜன் தரையைப் பார்த்தார். சிஸ்டர் சுவரைப் பார்த்தார்.

"அந்த ஒண்ணை மட்டும் எடுத்துட்டு மத்ததை வெச்சுச் செய்ய முடியாதா?" சர்ஜன் கேட்டது அவளையா தன்னையா என்று தெரியவில்லை. அவரே தலையை ஆட்டிக்கொண்டார். "முடியாது. எல்லாம் ஒண்ணா வெந்தது. ரெண்டாம் செட் எப்ப கிடைக்கும்?"

"காலைக் கேஸ் முடிஞ்சு வந்தது இன்னும் தொட்டிலதான் இருக்கு. ரெண்டே முக்கால் மணி நேரம்."

"ரெண்டு மணி நேரத்துல முடியாதா?"

"முடியாது சார். ஆறலைன்னா உள்ள ஈரம் நிக்கும். ஈரமா இருந்தா குடுக்க மாட்டேன்."

இந்த நிலைமையிலும் இதைச் சொல்கிறாளே என்று சர்ஜன் அவளை ஒரு கணம் பார்த்தார். "சரி. ரெண்டே முக்கால்."

கட்டிலில் இருந்த பெண்ணிடம் சிஸ்டர்தான் போய்ச் சொன்னார்: சாமானில் ஒரு சந்தேகம், மாற்றிக்கொண்டு வருகிறோம். அந்தப் பெண் படுத்தபடியே, "நானும் பிரேக்ல சந்தேகம் இருந்தா வண்டியை எடுக்க விட மாட்டேன்" என்றாளாம்.

கீழே வந்து கெடுபிடி தொட்டி வேலையில் இறங்கினாள். மேஜைக்குப் போன பிறகு தொட்டி வேலை அவளுடையது அல்ல. ஆனாலும் அன்றைக்கு யாரையும் தொட விடவில்லை. நாற்பத்திரண்டு சாமானையும் ஒவ்வொன்றாக மூட்டுத் திறந்து தேய்த்தாள். பிரஷ்ஷை எடுக்கும்போது ஒரு நினைப்பு வந்து, பழைய பிரஷ் அத்தனையையும் மஞ்சள் பையில் போட்டுவிட்டுப் புதுக்கட்டு உடைத்தாள். அதிர்வுத் தொட்டியில் பதினைந்து நிமிஷம். காற்று அடித்துக் காயவைத்தல். மேஜை. விளக்கு வெளிச்சத்தில் ஒவ்வொரு நுனியும். இரண்டாம் செட்டின் எலும்பு வெட்டி ஒன்று கொஞ்சம் இறுக்கமாகத் திறந்தது. கை பழக்கத்தில் பக்கத்து அலமாரிக்கு நீண்டது. நீண்ட கையை அவள் பார்த்தாள். திரும்ப இழுத்துக்கொண்டாள்.

ஒரு வெள்ளைச் சீட்டை எடுத்து எழுதினாள்: 'எலும்பு வெட்டி ஒன்று இறுக்கம். எடுத்துவிட்டேன். நாற்பத்தொன்று.' அதைச் செட்டின் மேல் ஒட்டி மிஷினுக்குள் தள்ளினாள்.

ஒன்று ஐம்பதுக்குச் செட் மேலே போனது. தியேட்டர் சிஸ்டரே வந்து வாங்கினார். சீட்டைப் படித்தார். படித்துவிட்டு, "பெரிய வெட்டி இருக்குல்ல, சமாளிச்சுக்கலாம்" என்றார். இரண்டேகாலுக்கு ஆரம்பித்து ஆறரைக்கு முடித்தார்கள்.

ஒன்றாம் செட்டும் மூன்றாம் செட்டும், எண்பத்துநாலு சாமானும், எரிக்கிறதுக்கென்று மஞ்சள் டிரம்முக்குள் போயின. ஒவ்வொன்றாகப் போட்டது கெடுபிடிதான். அதில் சிலது அவள் வேலைக்கு வந்த நாளிலிருந்து கைக்குத் தெரிந்தவை.

வீட்டில் அண்ணனிடம் சொன்னாள். அண்ணன் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதியவர். இப்போது தன் சட்டைப் பொத்தானே அவருக்கு அரை மணி நேர வேலை. உதவப் போனால் கோபம் வரும்.

"ஏய் வாலு, வேலை போயிடுமா?" என்றார் மூன்றாவது பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டே.

"போகலாம். அடுத்த வாரம் விசாரணை."

"என்ன சொல்லப் போறே?"

"நடந்ததைத்தான்."

"அப்ப போகும்" என்றார் அண்ணன். பொத்தான் ஓட்டைக்குள் போகாமல் நழுவியது. மறுபடி பிடித்தார். "போனா போகட்டும். ரெண்டு பேரும் வீட்ல உக்காந்து பொத்தான் போடலாம். எனக்கும் ஒரு போட்டிக்கு ஆள் வேணும்."

"உங்களுக்கு நடுங்கும்போது என்ன செய்வீங்க?"

"என்ன செய்யறது? நடுங்கி முடிக்கட்டும்னு காத்திருந்து, நடுவுல ஒரு சின்ன இடம் கிடைக்கும் பாரு, அதுக்குள்ள போட்டுடுவேன்." போட்டும்விட்டார். அதற்குப் பதினோரு நிமிஷம் ஆகியிருந்தது.

விசாரணை, மேலே ஏசி அறையில். தலைமை டாக்டர், நிர்வாக அதிகாரி, சர்ஜன். ஒரு பக்கம் சூப்பர்வைசர், இன்னொரு பக்கம் தியேட்டர் சிஸ்டர். லேப் டாக்டர் ஓரத்தில். மேஜைமேல் ஒரு தாள், டைப் அடித்துத் தயாராக இருந்தது. சூப்பர்வைசர் அதை அவள் பக்கம் தள்ளினார். தள்ளும்போது, கெஞ்சுகிற மாதிரியும் மிரட்டுகிற மாதிரியும் ஒரு பார்வை.

அவள் படித்தாள். 'வேலைப் பளுவின் காரணமாக, மறதியால், ஒரே ஒருமுறை, ஒரு செட்டின் சாமானை இன்னொன்றில் வைத்துவிட்டேன். மன்னிக்க வேண்டுகிறேன்.'

"உன் நல்லதுக்குத்தான்மா இப்படி எழுதியிருக்கு" என்றார் நிர்வாக அதிகாரி. அவர் கெட்டவர் இல்லை; குரலே தணிவாக இருந்தது. "மறதின்னா எச்சரிக்கையோட முடிஞ்சிடும். பதினெட்டு வருஷ சர்வீஸ். கையெழுத்துப் போட்டுட்டுக் கீழ போ."

கெடுபிடி பேனாவைத் திறந்தாள். 'மறதியால்' என்பதன் மேல் ஒரு கோடு இழுத்தாள்.

"என்னம்மா பண்றே?"

"மறதி இல்ல சார். அந்தக் கடிகாரக்காரருக்கு வந்திருக்கே, அது மறதி. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. தெரிஞ்சேதான் வெச்சேன்." அடுத்து, 'ஒரே ஒருமுறை' மேலும் ஒரு கோடு. "ஒருமுறையும் இல்ல. பதினோரு வருஷமாச் செய்யறேன்."

"போச்சு" என்றார் சூப்பர்வைசர், யாருக்கும் கேட்காது என்று நினைத்துக்கொண்டு.

தலைமை டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "இப்படி எழுதினா நான் நடவடிக்கை எடுக்க வேண்டியிருக்கும். தெரியுதா?"

"எடுங்க சார். ஆனா மறதின்னு எழுதி என்னை மாத்திட்டு இன்னொருத்தியை உக்கார வெச்சீங்கன்னா, அவளும் இதையேதான் செய்வா. குறையோட அனுப்பினா மேலேருந்து திட்டு விழும். திட்டு விழாம இருக்கணும்னா பக்கத்துலேருந்து எடுத்துத்தான் ஆகணும். எடுத்ததை எழுத புக்குல இடம் இல்ல. இரும்புல நம்பரும் இல்ல. அடுத்த தடவை சாணை பிடிச்ச ஃபோர்செப்ஸா இருக்காது, அடையாளமே இல்லாத ஏதோ ஒண்ணா இருக்கும். எங்க போச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது. அப்ப மாடியேறி ஓடறதுக்குக்கூட வழியிருக்காது."

 லேப் டாக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்; அதற்குள் தியேட்டர் சிஸ்டர் தொண்டையைக் கனைத்தார்.

"குறையோட வந்த செட்டைத் திருப்பி அனுப்பினது நான்தான் சார்" என்றார். யாரையும் பார்க்காமல் சொன்னார். "சீட்டைப் பலகையில குத்தினதும் நான்தான். அதையும் எழுதிக்குங்க."

கெடுபிடி அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் கை நின்றுவிடும் என்று நினைத்தாளோ என்னவோ. டைப் அடித்த தாளில் மீதி இருந்த இடமெல்லாம் சின்ன எழுத்தில் நிரப்பிக்கொண்டிருந்தாள்: எந்த வருஷம், எந்தச் செட்டிலிருந்து எந்தச் செட்டுக்கு, எந்தச் சாமான். முதல் வருஷத்தில் ஆறு, இரண்டாவதில் நாலு. ஞாபகம் இருந்ததை எழுதினாள். நிச்சயமில்லாததுக்குப் பக்கத்தில் நிச்சயமில்லை என்று எழுதினாள். ஓரத்தில் இடம் தீர்ந்ததும் தாளைத் திருப்பினாள். பின்பக்கமும் தீர்ந்தது.

"சார்" என்றாள் நிமிராமல், "இன்னும் ரெண்டு தாள் வேணும். ஏழு வருஷம் பாக்கி இருக்கு."